பத்தொன்பது வயதுக்கு மேல்

நான்கு என்று வருகிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாலும் நான்குதான். ஏப்ரல் பதினெட்டாம் தேதி மதியம் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே நூலகக் கணினியில் இதே சொற்களைப் போட்டுத் தேடினேன், பூஜ்யம் வந்தது. குறிப்பேட்டில் இருக்கிறது, என் கையெழுத்துதான். யார் கேட்டார், என்ன கேட்டார், எந்தச் சொற்களைப் போட்டுத் தேடினேன், எத்தனை கட்டுரை கிடைத்தது என்று இருபத்துமூன்று வருடமாக ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு வரி எழுதி வைக்கிறவள் நான். கேட்டவர் டாக்டர் தேவசகாயம், குழந்தைகள் நலத் துறை. கிடைத்தது பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை வேறு எவ்வளவு உருட்டி, எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறேன். சரி, ஏப்ரலுக்கு அப்புறம் யாராவது புதிதாக எழுதியிருப்பார்கள், உலகம் பெரியது, இரண்டு மாதத்தில் நான்கு பேர் எழுதக் கூடாதா என்று நினைத்துக்கொண்டு வருடத்தைப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. இரண்டாயிரத்து ஆறு. இரண்டாயிரத்துப் பதினொன்று. இரண்டாயிரத்துப் பதினாலு. நான்கும் அன்றைக்கு அங்கேதான் இருந்திருக்கின்றன. முதலாவது, தாரிணி பிறப்பதற்கு வெகுநாள் முன்பிருந்தே இருந்திருக்கிறது. மணி இரண்டு நாற்பது. நான்கு மணிக்குக் கட்டுரையை அனுப்ப வேண்டும், அதற்கு முன்னால் ஒரு தடவை மறுபடியும் தேடிச் சொல்லிவிடுங்கள் என்று காலையில் டாக்டர் தேவசகாயம் கேட்டிருந்தார். தாரிணிக்கு வந்த நோயைப் பற்றித்தான் எழுதுகிறார். அதில் ஒரு வரி வருகிறது, இந்த நோய்க்கு இந்த மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்ததாக இதுவரை எங்கும் பதிவில்லை என்று. அந்த வரிக்கு நான்தான் சாட்சி. ஏசியிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டுகிறது. எனக்கு ஆறடி தள்ளி இசக்கியம்மாள் உட்கார்ந்து புத்தகங்களின் முதுகில் எண் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். தாரிணியின் அம்மா.

அவள் பக்கம் திரும்பாதே. திரையைப் பார். எப்படிப் பூஜ்யம் வந்தது, அதை முதலில் கண்டுபிடி, உன் வேலை கண்டுபிடிக்கிறதுதானே. குறிப்பேட்டில் அதற்கு மேல் வரி என்ன? அதே பதினெட்டாம் தேதி, காலை பதினொன்றரை, முதுகலை மாணவர் ஹரிஹரன், சர்க்கரை நோயாளிகளின் கால் புண், வயது பத்தொன்பதுக்கு மேல். பத்தொன்பதுக்கு மேல். ஐயோ. தேடல் பக்கத்தின் இடது ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். இந்த வருடத்துக்குள், இந்த மொழியில், இந்த வயதுக்காரர்களைப் பற்றியது மட்டும் என்று எது வேண்டுமோ அதில் டிக் போட்டுக்கொள்ளலாம். போட்ட டிக் போட்டபடியே கிடக்கும். அடுத்து வேறு எதையாவது தேடினாலும் அதுவாகப் போகாது, நாம்தான் எடுக்க வேண்டும். பெரியவர்கள் என்ற கட்டத்தில் இப்போது டிக் வைத்துப் பார்க்கிறேன். பூஜ்யம். எடுக்கிறேன். நான்கு. வைக்கிறேன். பூஜ்யம். எடுக்கிறேன், நான்கு. ஒன்பது வயதுப் பிள்ளையைப் பத்தொன்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குள்ளே தேடியிருக்கிறேன். கடலில் தொலைத்ததைக் குளத்தில் தேடிவிட்டு இல்லை என்று கையை விரித்திருக்கிறேன். இதைப் போய் வேறு யாராவது செய்திருந்தால் நான் என்ன பேச்சுப் பேசியிருப்பேன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதிதாக வருகிற பிள்ளைகளை உட்கார வைத்து முதல் பாடமே அதுதான் நடத்துகிறேன். பழைய டிக்கை எடுக்காமல் தேடாதீர்கள், பூஜ்யம் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், உங்கள் தேடலைச் சந்தேகப்படுங்கள், வேறு பெயரில் ஒரு தடவை தேடுங்கள், வேறு தளத்தில் ஒரு தடவை தேடுங்கள். வாசகர் கூடத்தில் பன்னிரண்டு கணினி, பன்னிரண்டிலும் சீட்டு ஒட்டியிருக்கிறது, முதலில் பழைய டிக்குகளை எடுக்கவும், இப்படிக்கு நூலகர். என் கணினியில் மட்டும் ஒட்டவில்லை. எனக்கு எதற்கு? கோகிலவாணி மேடம் தேடிக் கொடுத்தால் அதற்கு அப்பீலே இல்லை என்று அறுவை சிகிச்சைத் துறையே சொல்லும், அதைக் கேட்டுக் கேட்டுக் கொழுத்துப் போனவள் நான், எனக்கு எதற்குச் சீட்டு.

அன்றைக்கு ஏன் இரண்டாவது தடவை தேடவில்லை என்று கேட்டால், ஏன் தேடவில்லை, ஏன் தேடவில்லை, டாக்டர் தொலைபேசியில் காத்துக்கொண்டிருந்தார். வார்டிலிருந்து பேசினார், பின்னால் ஏதோ ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. "மேடம், பெரியவங்களுக்குக் கொடுக்கிற மருந்து ஒண்ணு இருக்கு, நம்ம ஆஸ்பத்திரியிலயே இருக்கு. குழந்தைக்குக் கொடுத்ததா எங்கயாவது ஒரு கேஸ் இருந்தாக்கூடப் போதும், அளவு தெரிஞ்சிரும், சாயங்காலமே ஆரம்பிச்சிடலாம். ஒண்ணுமே இல்லாம கண்ணைக் கட்டிக்கிட்டுக் கொடுக்க முடியாது. கொடுத்து, அதனாலயே பிள்ளை போயிடுச்சுன்னா?" என்றார். இசக்கியம்மாள் என் வலது தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வார்டுக்குள் இருக்க விடாமல் வெளியே அனுப்பியிருந்தார்கள், எங்கே போவாள், வேலை பார்க்கிற இடத்துக்கு வந்துவிட்டாள். அவள் மூச்சு என் காதில் பட்டது. எனக்கு அந்த மூச்சைத் தாங்க முடியவில்லை, சீக்கிரம் தேடி, சீக்கிரம் ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று பறந்தேன். ஐந்து சொற்களை அடித்தேன். பூஜ்யம் வந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. அந்த இடத்தில் எனக்குப் பாவம் வந்திருக்கக் கூடாது, சந்தேகம் வந்திருக்க வேண்டும். பாவம் பார்க்கிறவளுக்கு அங்கே என்ன வேலை? பாவம் பார்த்த நேரத்துக்கு இடது ஓரத்தைப் பார்த்திருந்தால். "இல்லை சார், உலகத்துலயே ஒண்ணும் இல்லை," என்று நான் தொலைபேசியில் சொன்னேன். உலகத்திலேயே என்றேன். அந்த வார்த்தையை நான் ஏன் சேர்த்தேன்? டாக்டர், சரி மேடம், நன்றி என்றார். ஆறு நாள் கழித்துத் தாரிணி இறந்துபோனாள். செய்தி வந்தபோது நான் ஏதோ ஒரு பத்திரிகைக்குச் சந்தா புதுப்பிக்கக் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன், பாதி வரியில் விட்டுவிட்டு ஓடினேன்.

அந்தப் பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும். சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அம்மாவோடு வரும். நூலகத்துக்குள் சத்தம் போடக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்பதற்காக என்னிடம் கூட வாயசைத்துத்தான் பேசும். எலும்புப் படங்கள் உள்ள பெரிய புத்தகத்தை இழுத்து வைத்துக்கொண்டு, தன் கையை அமுக்கி அமுக்கிப் பார்த்து, இது இங்கே இருக்கிறதா என்று கேட்கும். நான் பெரிய மனுஷி மாதிரி, இருக்கிறது, உனக்கும் இருநூற்றாறு உண்டு என்பேன். எண்ணிப் பார்க்கும். முப்பது வரைக்கும் எண்ணிவிட்டு, மிச்சம் அடுத்த சனிக்கிழமை என்று சைகை காட்டும். எத்தனை சனிக்கிழமை வந்திருக்கும். எனக்குப் பிள்ளை இல்லை, அதைப் பற்றி நான் யாரிடமும் அலட்டிக்கொண்டதில்லை, ஆனால் சனிக்கிழமைகளில் பையில் கடலை மிட்டாய் எடுத்து வருவேன், அவ்வளவுதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாளே இசக்கியம்மாள் வேலைக்கு வந்துவிட்டாள். "வீட்டுல இருந்தா செவரு செவரா பாத்துக்கிட்டு இருக்கேன் மேடம், இங்கன்னா புஸ்தகத்தையாவது தொடைப்பேன்" என்றாள். அதற்கப்புறம் அவள் சொல்லிக்கொண்டு திரிகிற ஒரு பேச்சு இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்கிறாள், கேன்டீனில் சொல்கிறாள், போன வாரம் தண்ணீர் கேன் போட வந்தவரிடம் கூடச் சொன்னாள், என் முன்னாலேயே. "எங்க மேடம் கம்ப்யூட்டர்ல உலகம் பூராவும் தேடிப் பாத்தாவ. அமெரிக்கா, ஜப்பான் எல்லாம். எங்கயும் மருந்து இல்லன்னுட்டு. இருந்து, கொடுக்க முடியாமப் போச்சுன்னாதான மனசு கெடந்து அடிக்கும்? இல்லவே இல்லன்னா என்ன செய்யதுக்கு? நான் பக்கத்துலதான் நின்னேன், என் கண்ணால பாத்தேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள், நன்றியோடு. ராத்திரி அவளைத் தூங்க வைக்கிறது என்னுடைய பூஜ்யம்தான். அதை நான் இப்போது பிடுங்க வேண்டும்.

பிடுங்க வேண்டுமா? யாருக்குத் தெரியும்? குறிப்பேட்டில் பூஜ்யம் என்று இருக்கிறது, இன்றைக்கும் பூஜ்யம் என்று எழுதினால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள். நான்கு கட்டுரையும் இந்தத் திரையில் எனக்கு மட்டும் தெரிகிற நான்கு வரி. மூடினால் போய்விடும். செத்தவள் வரப்போவதில்லை. அந்த மருந்தைக் கொடுத்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று என்ன நிச்சயம்? திறந்து பார்த்தேனே, சுருக்கம் மட்டும் இல்லை, முழுசும் இறக்கிப் படித்தேன், பிழைக்கவில்லை என்று நான்கிலும் இருக்க வேண்டுமே என்று சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு படித்தேன். நான்கு பிள்ளைகள் செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு படித்தேன், இதுவும் நான்தான். நான்கில் மூன்று பிழைத்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் அளவு போட்டிருக்கிறது, எடைக்கு எவ்வளவு, எத்தனை நாள், எல்லாம். தாரிணிக்கு அன்றைக்கு உடம்பில் தெம்பு இருந்தது, ஐந்தாம் நாள்தான் நினைவு தப்பியது. போதும், கணக்குப் போடாதே. டாக்டரிடம் மட்டும் தனியாகப் போய்ச் சொல்லலாமே, மாடி ஏறி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. அவர் நல்ல மனிதர். அந்தப் பிள்ளை வீணாகப் போய்விடக் கூடாது மேடம், அதற்காகத்தான் எழுதுகிறேன் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. ஆனால் அவரும் இசக்கியம்மாள் முகத்தைத் தினமும் பார்க்கிறவர், அவர் மனதில் எத்தனை நாள் நிற்கும். அப்புறம் அவள் யாரோ சொல்லிக் கேள்விப்படுவாள், என்னிடமிருந்து இல்லாமல். அது இதைவிடக் கேவலம். ஒன்றும் சொல்லாமல் விட்டால்? கட்டுரை வந்துவிடும். இதுவரை எங்கும் பதிவில்லை என்ற வரி அச்சில் ஏறிவிடும். தேடலில் உதவிய நூலகர் கோகிலவாணிக்கு நன்றி என்று கடைசியில் போடுவார், எப்போதும் போடுவார். அடுத்த வருடம் எங்கேயோ ஒரு ஊரில் ஒரு பிள்ளைக்கு இது வரும். அங்கேயும் என்னைப் போல ஒருத்தி அவசரமாகத் தேடுவாள். புதிய கட்டுரைதான் முதலில் வரும், அதைப் படித்துவிட்டு, இல்லை டாக்டர், எங்கும் இல்லையாம், இவர்களே தேடிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்பாள். அவள் தோளுக்குப் பக்கத்தில் யாராவது நிற்பார்கள். டிக் வைக்கிறேன். பூஜ்யம். எடுக்கிறேன். நான்கு. இசக்கியம்மாள் எழுந்து வருகிறாள், டீ கொண்டு வந்து வைக்கிறாள், பசை படிந்த விரல். "என்ன மேடம், மொகம் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிடலியா?" என்கிறாள். "சாப்பிட்டேன் இசக்கி" என்கிறேன். "இல்ல, நீங்க சாப்பிடல, டப்பா அப்படியே இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய் மறுபடியும் சீட்டு ஒட்ட உட்காருகிறாள். அவளை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டுப் பேசலாம். ஏதாவது ஒரு தாளைக் கொடுத்து, பத்து காப்பி எடுத்துட்டு வா என்றால் போவாள். தாளைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போது தொலைபேசி அடிக்கிறது. மூன்றே கால்தான் ஆகிறது, இவர் ஏன் இவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறார். "மேடம், பாத்தாச்சா? புதுசா ஒண்ணும் இல்லையே? அந்த வரிய அப்படியே விட்டுரலாம்ல?" என்கிறார். இல்லை சார் என்று வாய் தயாராகத்தான் இருந்தது, அவ்வளவு பழக்கம். ஆனால் வந்தது வேறு. "அனுப்பாதீங்க சார். நாலு இருக்கு. நாலும் பழசு. அன்னைக்கும் இருந்திருக்கு, நான்தான் சரியாத் தேடலை. பழைய டிக்கை எடுக்காமத் தேடிட்டேன். என் தப்பு சார், என் தப்பு. மேல வந்து சொல்றேன்." "அளவு போட்டிருக்கா?" என்று மட்டும் கேட்டார். போட்டிருக்கு சார் என்றேன். வைத்துவிட்டார். நான் ரிசீவரை வைக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீட்டு ஒட்டுகிற கை நின்றுவிட்டது. "நாலு என்ன மேடம்?" என்றாள் இசக்கியம்மாள். நான் எழுந்து போய் அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். அன்றைக்குக் காலையில் ஹரிஹரனுக்குத் தேடியது, பெரியவர்கள் என்ற டிக், அதை எடுக்காமல் விட்டது, பூஜ்யம், நான்கு, எல்லாம். சுற்றி வளைக்கவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றுதான் நினைத்தேன். "அந்த டிக்கு எங்கன இருக்கு, காட்டுங்க," என்றாள். எழுந்து வந்து என் தோளுக்குப் பக்கத்தில் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றாள். காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள். "இந்த நீலமா இருக்கதா?" என்றாள். "ஆமா." "இத அன்னைக்கு நான் பாத்தேன் மேடம். மத்த கட்டமெல்லாம் வெள்ளையா கெடக்கு, இது மட்டும் ஏன் நீலமா இருக்குன்னு கேக்கணும்னு நெனைச்சேன். நீங்க அவசரமா தேடிக்கிட்டு இருந்திய. நமக்கு என்ன தெரியும், நாம நடுவுல பேசி அவியளக் கெடுத்திரக் கூடாதுன்னு வாயப் பொத்திக்கிட்டு நின்னேன்." முந்தானையை எடுத்து வாயில் வைத்தாள். "நான் கேட்டிருந்தேன்னா பாத்திருப்பியள்லா மேடம்?" பார்த்திருப்பேன், ஒரு விநாடியில் பார்த்திருப்பேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது. பார்த்திருக்க மாட்டேன் இசக்கி, உன்னைத் திட்டியிருப்பேன் என்றேன். அவள் நம்பவில்லை. என் தப்பில் பாதியை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள், நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது எடுத்துக்கொண்டுவிட்டாள், திருப்பி வாங்க எனக்கு வழி தெரியவில்லை.

அழுது முடிக்கட்டும் என்று இருந்தேன், அவள் அழவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "அந்தப் பிள்ளையள்லாம் என்ன ஆச்சு?" என்றாள். மூன்று பிள்ளை பிழைத்துக்கொண்டது என்றேன். "பொம்பளப் பிள்ளை உண்டுமா அதுல?" ஒன்று உண்டு, இரண்டாயிரத்து ஆறில் வந்த கட்டுரை, எட்டு வயது. "பேரு என்ன?" பேர் போட மாட்டார்கள் இசக்கி. "அம்மா பேராவது?" அதுவும் போட மாட்டார்கள். திரையைப் பார்த்தாள், ஆங்கிலத்தில் பொடி எழுத்து, அவளுக்கு ஒன்றும் விளங்காது. "படிங்க மேடம். அது எப்படி வீட்டுக்குப் போச்சுன்னு எனக்குப் படிங்க," என்றாள். வேண்டாம் என்றேன். "படிங்க," என்றாள். டாக்டரிடம் மாடிக்குப் போக வேண்டும், வாசகர் கூடத்தில் யாரோ புத்தகத்தோடு கவுன்டரில் வந்து நிற்கிறார்கள், நிற்கட்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். எட்டு வயதுப் பெண் குழந்தை, பத்து நாளாகக் காய்ச்சல், அப்புறம் மஞ்சள் காமாலை. மருந்து ஆரம்பித்த மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஏழாம் நாள் கண் விழித்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினாள். "ம். பெறவு?" என்றாள். அடுத்த வரியில், பதினான்காம் நாள் வாய்வழி உணவு தொடங்கப்பட்டது என்றுதான் இருந்தது. பதினாலாம் நாள் பிள்ளை அம்மாவிடம் சோறு கேட்டாள் என்று படித்தேன்.